எந்த நூற்றில் நாற்பது?

தூத்துக்குடிக்காரர்களுக்குக் கணக்கு வராது. இது இந்தத் தேசத்தின் அறிவாளிகள் ஒருமனதாக ஏற்றுக்கொண்ட உண்மை. 2018 மே 28 அன்று ஸ்டெர்லைட் தாமிர ஆலையை மூடச் சொல்லி அரசாணை வந்தது. அன்றிலிருந்து, குளிரூட்டிய அரங்குகளில் கோட்டு மாட்டி உட்கார்ந்திருப்பவர்கள் ஓர் எண்ணை எடுத்து நம் மண்டையில் குட்டிக்கொண்டே இருக்கிறார்கள். நாற்பது சதவீதம்! நாட்டின் தாமிரத்தில் நாற்பது சதவீதத்தை ஒரே நாளில் தொலைத்த ஊர்! தாமிரத்தை ஏற்றுமதி செய்துகொண்டிருந்த இந்தியாவை இறக்குமதிக்குக் கையேந்த வைத்த ஊர்! உப்பளத்திலும் மீன் ஏலக்கூடத்திலும் வளர்ந்த ஜனங்களுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்று ஒரு பெருமூச்சு வேறு. 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றமே ஆலையின் முறையீட்டைத் தள்ளிவிட்டது. பெருமூச்சு மட்டும் நிற்கவில்லை.

சரி, கணக்கே பேசுவோம். உணர்ச்சிவசப்படாமல் பேசுங்கள் என்றுதானே அவர்களும் சொல்கிறார்கள்.

தமிழ்நாட்டு ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு 'விழுக்காடும் தனிவட்டியும்' என்று ஒரு பாடம் உண்டு. நாற்பது சதவீதம் என்றால் நூற்றுக்கு நாற்பது, அதாவது 40/100. சுருக்கினால் 2/5. தசமத்தில் 0.4. விகிதமாகச் சொன்னால் ஐந்துக்கு இரண்டு. மற்றவர்கள் பங்கோடு எதிரெதிரே நிறுத்தினால் 2:3. எப்படி எழுதினாலும் அளவு ஒன்றுதான். ஆனால் பின்னத்திடம் ஒரு நேர்மை இருக்கிறது. மேலே தொகுதி, கீழே பகுதி. இரண்டையும் வெளியே காட்டித்தான் ஆக வேண்டும். 2/5 என்றதும், 'எதை ஐந்தாகப் பிரித்தாய்?' என்ற கேள்வி தானாக நாக்கில் வந்துவிடும். சதவீதத்தில் அந்தத் தொல்லை இல்லை. கீழே இருந்த எண்ணை மறைத்து நூறு என்று பூசிவிட்டு, மேலே இருப்பதை மட்டும் மைக் வைத்து முழங்கலாம்.

எங்கள் பக்கத்துப் பலசரக்குக் கடை அண்ணாச்சியிடம் போய், 'நாற்பது சதவீதம் தள்ளுபடி' என்று ஒரு கம்பெனி ஏஜெண்ட் சொல்லிப் பார்க்கட்டும். 'எந்த வெலையில நாப்பது தம்பி? நீ ஏத்தி அச்சடிச்ச வெலையிலயா, நான் போன மாசம் வாங்குன வெலையிலயா?' என்று கேட்காமல் அவர் சரக்கைத் தொட மாட்டார். அண்ணாச்சி கேட்கிற இந்தக் கேள்வியைப் பொருளாதார நிபுணர் யாரும் கேட்பதில்லை. ஒருநாள் அது 'நாட்டின் உற்பத்தியில்' நாற்பது. மறுநாள் அதுவே 'நாட்டின் தேவையில்' நாற்பது. உற்பத்தி வேறு, தேவை வேறு, உற்பத்தித் திறன் வேறு. மூன்றுக்கும் கீழ் எண் வேறு. அது எப்படி ஐயா மூன்றுக்கும் மேலே ஒரே நாற்பது வந்து குந்துகிறது? திறன் என்று சொன்னால் கணக்கு ஒத்துவரும்: இந்த ஆலைக்கு ஆண்டுக்கு 4 லட்சம் டன், அன்று நாட்டில் இருந்த எல்லா ஆலைகளையும் சேர்த்து ஏறத்தாழ 10 லட்சம் டன். ஆனால் 'திறன்' என்ற சொல்லுக்கு நெஞ்சைத் தொடும் சக்தி கிடையாது. 'தேவை' என்றால்தான் நம்மைத் தேசத்துரோகி ஆக்க முடியும்.

போகட்டும். இன்னொரு சதவீதத்தை அவர்கள் சொல்வதே இல்லை. அதை நான் சொல்கிறேன். அந்த ஆலைக்கு மூலப்பொருள் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்து வ.உ.சி. துறைமுகத்தில் இறங்கியது. செறிவூட்டிய தாமிரத் தாது அது. அதில் தாமிரம் நூற்றுக்கு 25 முதல் 30 பங்குதான் இருக்கும். மீதி எழுபது சொச்சம்? இரும்பு, கந்தகம், இன்னும் பல. கந்தகத்தைப் பிடித்து அமிலமாக்கி விற்றார்கள். பிடிபடாதது புகைபோக்கி வழியாக ஊருக்குள் வந்தது. இரும்பெல்லாம் கசடாகிக் குவிந்தது. அந்தக் கசடு உப்பாற்றங்கரையில் கொட்டிக் கிடந்ததும், அதை அகற்றாததும், ஆலைக்கு இயக்க இசைவைப் புதுப்பிக்க மறுத்தபோது மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே 2018 ஏப்ரலில் சொன்ன காரணங்களில் சேரும்.

ஆக, நாட்டுக்கு நாற்பது, ஊருக்கு எழுபது. இரண்டையும் கூட்டினால் நூற்றுப்பத்து வருகிறதே என்று கேட்காதீர்கள். அவற்றைக் கூட்டவே கூடாது. நாற்பதுக்குக் கீழே இருப்பது நாட்டின் தாமிரம், எழுபதுக்குக் கீழே இருப்பது எங்கள் துறைமுகத்தில் இறங்கிய தாது. வேறு வேறு கீழ் எண் கொண்ட சதவீதங்களைக் கூட்டுகிற பிள்ளைக்கு ஏழாம் வகுப்பில் சுழி விழும். ஆனால் 1,300 பேருக்கு வேலை, நாட்டுக்கு நாற்பது சதவீதத் தாமிரம், அதனால் ஊருக்கு நல்லது என்று மூன்று வெவ்வேறு கீழ் எண்களைக் கலந்து கூட்டுகிறவருக்குத் தலையங்கப் பக்கத்தில் இடம் கிடைக்கும்.

இந்தக் கடற்கரைக்குப் பங்குக் கணக்கு புதிதல்ல. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, முத்துக்குளிப்பில் யாருக்கு எவ்வளவு என்று எழுதி வைத்திருக்கிறான். அரசனுக்குப் பத்தில் ஒன்று. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுகிறவர்களுக்கு இருபதில் ஒன்று. நம் எண்சுவடிக் கணக்கில் இருமாவும் ஒருமாவும். சேர்த்து மும்மா, 15 சதவீதம். மிச்சம் 85 வணிகனுக்கு; அதிலிருந்துதான் குளியாளுக்குக் கூலி. மூச்சடக்கிக் கடலடிக்குப் போகிறவன் அன்றைக்கும் பங்குக்காரன் இல்லை, கூலிக்காரன்தான். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். அரசன் 10 எடுத்தான். சுறா கட்டுகிறவன் 5 எடுத்தான். மந்திரம் பலித்ததோ இல்லையோ, சுறா வந்தால் அவனைப் பிடித்துக் கேட்கலாம். நம் காலத்துச் சுறா கட்டுகிறவர்களுக்கு வாரியம், குழுமம், ஆணையம் என்று நீளமான பெயர்கள். சுறா கடித்துவிட்டுப் போன பிறகு, கடி எத்தனை சதவீதம் அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் இருந்தது என்று அறிக்கை தருவார்கள்.

பிறகு போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், கடைசியில் ஆங்கிலேயர். ஆங்கிலேயருக்குப் பத்தில் ஒன்று போதவில்லை. கரைக்கு வந்த சிப்பியை மூன்று குவியலாக்கு, இரண்டு சர்க்காருக்கு, ஒன்று குளியாளுக்கு. மூன்றில் இரண்டைச் சதவீதமாக்கிப் பாருங்கள்: 66.666... என்று ஆறு போய்க்கொண்டே இருக்கும், முடியாது. பின்னத்தில் இரண்டே இலக்கத்தில் அடங்குகிற அநியாயம் தசமத்தில் எழுதினால் முடிவில்லாமல் ஓடுகிறது. 1961க்குப் பிறகு இந்தக் கடலின் முத்துப் பாரில் பெரிய முத்துக்குளிப்பு நடக்கவே இல்லை.

1906இல் வ.உ. சிதம்பரனார் தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கத்தின் கணக்கைப் பாருங்கள். அது எவ்வளவு வெளிச்சமான கணக்கு! மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். ஆக 40,000 பங்குகள். கீழ் எண் வாசலிலேயே எழுதி வைத்திருந்தது. ஹாஜி முகமது பக்கீர் சேட் 2 லட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகள் எடுத்தார் என்றால், 8,000/40,000, ஐந்தில் ஒன்று, 0.2, இருபது சதவீதம் என்று எட்டணா வைத்திருந்தவனும் போட்டுப் பார்க்கலாம்.

எதிரில் நின்ற வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனியின் கணக்கு வேறு மாதிரி. கொழும்புக்குப் போக ஆளுக்கு ஒரு ரூபாய் என்று கட்டணத்தை இறக்கினார்கள். சுதேசிக்காரர்கள் எட்டணா என்றார்கள், பாதிக்குப் பாதி. உடனே வெள்ளைக் கம்பெனி, கட்டணமே வேண்டாம், ஏறினால் குடை ஒன்று இனாம் என்றது. நூறு சதவீதத் தள்ளுபடி, அதற்கு மேல் ஒரு குடை! நூற்றுக்கு மேல் தள்ளுபடி தருகிற வியாபாரி யாரும் வியாபாரம் செய்யவில்லை, வேறு ஏதோ செய்கிறான் என்று அன்றைக்கே தூத்துக்குடிக்குத் தெரிந்தது. சுதேசிக் கம்பெனி ஒடிந்து கலைந்தபோது, அதன் காலியா கப்பலை அந்த எதிரிக் கம்பெனிக்கே விற்றார்கள். குடைக்கான விலை வசூலாகிவிட்டது.

குடை இப்போதும் வருகிறது. அதற்குச் சமூகப் பொறுப்பு நிதி என்று பெயர். 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் போட்ட கணக்குப்படி, மூன்று ஆண்டு நிகர லாபச் சராசரியில் நூற்றுக்கு இரண்டு. ஐம்பதில் ஒன்று. அந்த இரண்டில் ஒரு குடிநீர்த் தொட்டி, ஒரு தையல் மெஷின், ஒரு பள்ளிக்கூடச் சுவர்; சுவரில் கம்பெனி பெயர் மட்டும் நூற்றுக்கு நூறு தெரியும்படி.

1908 பிப்ரவரி 27இல் தூத்துக்குடியின் கோரல் நூற்பாலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் உடன் நின்றார்கள். ஐம்பது சதவீதக் கூலி உயர்வு கிடைத்தது. இந்த ஊரின் வரலாற்றில் உழைக்கிறவன் பக்கம் சாய்ந்த சதவீதம் என்று எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். அதற்கான ரசீது சீக்கிரமே வந்தது. மார்ச் 12இல் கைது. மறுநாள் திருநெல்வேலியில் கலவரம், துப்பாக்கிச் சூடு, நாலு பேர் சாவு. ஜூலையில் சிதம்பரனாருக்கு நீதிபதி பின்ஹே கொடுத்த இரட்டை ஆயுள் தண்டனை. சதவீதம் கேட்டால் சுடுவார்கள் என்பது இங்கே நூறு ஆண்டுக்கும் முந்தைய பாடம்.

இனி நம் காலத்து ஆலைக்கு வருவோம். மகாராஷ்டிரத்தின் இரத்தினகிரியில் மாம்பழ விவசாயிகள் வேண்டாமென்று விரட்டியது, 1994இல் இங்கே அடிக்கல்லாக வந்து விழுந்தது. அப்போது போட்ட நிபந்தனைகளை ஏழாம் வகுப்புக் கணக்காகவே செய்து பார்க்கலாம்.

ஆலையைச் சுற்றி 250 மீட்டர் அகலத்துக்குப் பசுமை வளையம் வேண்டும் என்று முதலில் எழுதினார்கள். அவ்வளவு வேண்டாமே என்று கம்பெனி கேட்டது. 25 மீட்டர் என்று ஆனது. தசமப் புள்ளி ஓரிடம் இடப்பக்கம் நகர்ந்தது, அவ்வளவுதான். பேனாவைப் பொறுத்தவரை ஒரு சுழியை அடிக்கிற வேலை. மரத்தைப் பொறுத்தவரை நூற்றுக்குத் தொண்ணூறு. 250ல் 25 என்றால் 1/10, 0.1, பத்து சதவீதம். மார்க்கோ போலோ காலத்தில் அரசன் எடுத்த பங்கு அது. இங்கே பத்தைக் கொடுத்துவிட்டுத் தொண்ணூறை எடுத்துக்கொண்டார்கள். முன்னேற்றம்!

அடுத்தது தூரம். மன்னார் வளைகுடாவின் தீவுகளும் பவளப்பாறையும் இருக்கிற சூழல் நுண்ணிடங்களிலிருந்து 25 கிலோமீட்டர் தள்ளி ஆலை இருக்க வேண்டும். 1998இல் நீரி என்ற சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம் அளந்து 14 கிலோமீட்டர் என்றது. 14/25ஐ மேலும் கீழும் நாலால் பெருக்குங்கள், 56/100. ஐம்பத்தாறு சதவீதம். நம் பள்ளிக்கூடத்தில் 35 வாங்கினாலே பாஸ்தானே, 56 வாங்கியவனை ஃபெயிலாக்க எந்த அதிகாரிக்கு மனசு வரும்? ஆலை ஓடியது.

ஓடி ஓடி, 2013 மார்ச் 23 காலையில் ஊரே கண்ணெரிந்து இருமியது. பத்து நாள் கழித்து, ஏப்ரல் 2இல், உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அது 2010இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னதை எதிர்த்த மேல்முறையீட்டின் தீர்ப்பு. மூட வேண்டாம், தாமிரம் நாட்டுக்குத் தேவை, ஆனால் 1997 முதல் 2012 வரை சூழலைக் கெடுத்ததற்கு 100 கோடி ரூபாய் கொடு. நூறு கோடி! எவ்வளவு வட்டமான, நிறைவான எண். பதினைந்து ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 6.666... கோடி. அந்த முடியாத ஆறு மறுபடியும் வந்துவிட்டது.

அந்த நூறு கோடியை என்ன செய்வது? மாவட்ட ஆட்சியர் அதை வங்கியில் வைப்புநிதியாகப் போட்டு, வருகிற வட்டியை மட்டும் ஆலையைச் சுற்றியுள்ள நீரையும் நிலத்தையும் சீராக்கச் செலவிட வேண்டும். வட்டி எட்டு சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆண்டுக்கு எட்டுக் கோடி. முதலைத் தொடக்கூடாது. பாடத்துக்கு 'விழுக்காடும் தனிவட்டியும்' என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. விழுக்காடு கம்பெனிக்கு, வட்டி எங்களுக்கு. நிலத்தடி நீரில் இறங்கியது மட்டும் வட்டி இல்லை. அது முதலாகவே இறங்கியது.

அதற்குப் பிறகும் கம்பெனி அடங்கவில்லை; 4 லட்சம் டன்னை 8 லட்சமாக்கப் போகிறேன் என்றது. நூறு சதவீத விரிவாக்கம். அ. குமரெட்டியாபுரம் கிராமத்து ஜனங்கள் 2018 பிப்ரவரியில் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். நூறாவது நாள், மே 22, மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுக்க ஊரே நடந்தது. அன்றும் மறுநாளுமாக 13 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். ஓடுகிற கூட்டத்தை, ஆட்சியர் அலுவலகப் பூங்காவில் மறைந்து நின்று சுட்டார்கள் என்று அரசு அமைத்த ஆணையமே பிறகு எழுதியது.

இந்தப் பதின்மூன்றையும் சதவீதமாக்கித்தானே பேச வேண்டும்? உணர்ச்சிவசப்படக் கூடாதல்லவா? 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்து மக்கள்தொகை 17,50,176. பதின்மூன்றை அதனால் வகுத்து நூறால் பெருக்கினால் 0.00074. பாடப்புத்தகம், விடையை இரண்டு தசம இடங்களுக்குத் திருத்தமாகச் சொல் என்று கேட்கும். திருத்தமாகச் சொல்கிறேன்: 0.00. பள்ளிக்கூடம் போய்வந்த பெண்பிள்ளை உட்பட பதின்மூன்று பேரும் முழுதாக்கலில் காணாமல் போய்விட்டார்கள். நாற்பது சதவீதத்தை முழங்கும் நிபுணர்கள் இவர்களைப் பற்றி ஏன் பேசுவதில்லை என்று வருத்தப்பட்டவர்கள் இனி வருத்தப்பட வேண்டாம். அவர்களுடைய அட்டவணையில் இரண்டு தசம இடம்தான் இருக்கிறது.

ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபர் 18இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. இறந்தவர் குடும்பத்துக்கு 50 லட்சம் ரூபாய் கொடுங்கள், ஏற்கெனவே கொடுத்த 20 லட்சத்தைக் கழித்துக்கொள்ளுங்கள் என்றது பரிந்துரை. நாலரை ஆண்டாக அந்தக் குடும்பங்களின் கையில் இருந்தது ஐம்பதில் இருபது. போட்டுப் பாருங்கள். 20/50. ஐந்தில் இரண்டு. 0.4.

நாற்பது சதவீதம்.

தேசமே தொலைத்துவிட்டதாக அழுத அதே நாற்பதுதான். இங்கே இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். எது நூறு என்று இந்தத் தடவை மழுப்ப வேண்டிய அவசியம்கூட இல்லை, ஆணையமே எழுதியிருக்கிறது: ஓர் உயிர், 50 லட்சம். இந்த நாற்பதைப் பற்றி எந்த அரங்கிலாவது, கோட்டு மாட்டிய யாராவது, ஒரு தடவை பேசியிருக்கிறார்களா?

அதே அறிக்கை, காவல்துறையினர் 17 பேர் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது. சிலரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். மத்தியப் புலனாய்வுத் துறை விசாரித்தது, வழக்குகள் நடந்தன, நடக்கின்றன. சுட்டதற்காக இதுவரை நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர்கள் எத்தனை பேர் என்று விகிதத்தில் சொன்னால் 0:17. பின்னத்தில் 0/17. தசமத்தில் 0.0. சதவீதத்தில் 0. இந்த ஒரு கணக்கில் மட்டும் எது நூறு என்று யாரும் கேட்க வேண்டியதில்லை; கீழே எந்த எண்ணைப் போட்டு வகுத்தாலும் விடை மாறாது.